நான்காவது எண்ணிக்கை

தேராவில், தையற்கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் நடக்கிறது வகுப்பு.
லிஃப்ட் இல்லாத கட்டடம்.
எனக்கு அதுவே பாதி நிம்மதி.
மற்ற இடங்களில்
காது தானாகவே கம்பியின் உராய்வைத் தேடும்.

இருபத்திரண்டு வருடமாக
ஊரை ஏற்றி இறக்குகிறேன்.
கராமா, பர்ஷா, அல் நஹ்தா...
எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு முனகும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
என் இடுப்பு முனகியதை மட்டும்
போன மார்ச்சில்தான் கேட்டேன்,
சாக்ஸ் போடக் குனிந்தபோது.

நடங்க என்றார் டாக்டர்.
எங்கே நடக்க?
இந்த வெயிலில் நிழலே
காருக்கடியில் படுத்துக்கிடக்கிறது.
ஒரு வாரம் மாலில் நடந்தேன்.
கடைக் கண்ணாடிகளில் எல்லாம்
தொப்பையோடு ஓர் ஆள்
என் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தான்.

சல்சா என்றால்
தொட்டுக்கொள்ள ஏதோ என்றுதான் நினைத்திருந்தேன்.
சலூன் கதவில் ஒட்டியிருந்தது நோட்டீஸ்:
முதல் வகுப்பு இலவசம்.
இலவசம் என்பதால்தான் போனேன்,
இதில் வெட்கப்பட என்ன.

லூர்டிஸ், கோவாக்காரி.
பகலில் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள்.
ஒன்பது பேர் நாங்கள்.
பெஷாவர் டாக்ஸிக்காரர் ஒருவர்,
அவருடைய வலது கால்
பாட்டு முழுக்க பிரேக்கைத் தேடும்.
கொட்டாரக்கரை நர்ஸ் ஷைனி,
நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் வருபவள்.

ஒன், டூ, த்ரீ என்பாள் லூர்டிஸ்.
நாலைச் சொல்லமாட்டாள்.
வாயை மூடிக்கொள்வாள்.
ஃபைவ், சிக்ஸ், செவன்.
எட்டும் கிடையாது.

மூன்று வாரம்
அந்தச் சொல்லாத நாலில் தடுக்கி
ஷைனியின் பாதத்தை மிதித்தேன்.
"எங்கே ஓடுறீங்க தாஸ்?
நாலுல ஒண்ணும் செய்யாதீங்க."

ஒன்றும் செய்யாமலிருப்பதை
யார் எனக்குச் சொல்லித்தந்தார்கள்?
வீட்டுக்கடன், மகள் ஃபீஸ்,
மச்சினன் ஆட்டோவுக்கு டியூ.
இரண்டு வருடத்துக்கு நாற்பது நாள் லீவு,
அதையும்
ஒவ்வொரு கட்டமாய் அடித்தே தீர்த்தவன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை.
மாடிக்கு வந்து நிற்கும் லிஃப்ட்
உடனே கதவைத் திறந்துவிடாது.
ஒரு மூச்சளவு பொறுக்கும்.
தன் தரையும் தளத்தின் தரையும்
ஒட்டி நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும்.
அந்த மூச்சு பிசகினால்
ஏறுகிறவர் கால் இடறும்.
நாளெல்லாம் நான் ரிப்பேர் பார்ப்பது
அந்த மூச்சைத்தான்.

"அட" என்றேன், சத்தமாகவே.
டாக்ஸிக்காரர் திரும்பிப் பார்த்தார்.
நாலில் நின்றேன்.
இடுப்பு தானாக
ஒரு விரற்கடை நகர்ந்தது.
அதற்கு இப்படி ஓர் உத்தேசம் இருந்ததை
நாற்பத்தொன்பது வருடமாக
என்னிடம் சொன்னதேயில்லை.

போன வாரம்
ஐந்தில் திரும்பவேண்டிய இடத்தில்
ஆறில் திரும்பினேன். தப்பு.
"அது என்ன?" என்றாள் லூர்டிஸ்.
"இன்னொரு தடவை."
மேனுவலில் இல்லாத ஒன்றை
முதன்முதலாகச் செய்திருந்தேன்.
ஒன்பது பேரும் அதைச் செய்து பார்த்தார்கள்.
ஷைனிக்கு என்னைவிட நன்றாக வந்தது.

எமல்டாவிடம் மூட்டுப் பயிற்சி என்றுதான்
சொல்லி வைத்திருக்கிறேன்.
வீடியோவில் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்,
"முகம் தெளிஞ்சிருக்கே, எந்த டாக்டரு?"
சொல்லவேண்டும்.
டிசம்பரில், நேரில்,
ஒரு கையை நீட்டிக்கொண்டு.

நேற்றிரவு பர்ஷாவில்
முப்பத்தொரு மாடிக் கட்டடத்தில்
சர்வீஸ் முடிந்து சோதனை ஓட்டம்.
வெறும் பெட்டி, நான், டூல்பாக்ஸ்.
ஒவ்வொரு தளத்திலும் நிற்கவேண்டும்.
நின்றது.
நானும் நின்றேன்.
பன்னிரண்டுக்கு மேல்
நிற்க மட்டும் முடியவில்லை.

கீழே வந்து கையெழுத்துப் போட்டேன்.
செக்யூரிட்டி டேக் பகதூர்
கேமராத் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான்,
"லிஃப்ட் ஆடுதா பாயி?"
"இல்லை, சரியாயிருக்கு."
தலையாட்டினான்.
பிறகு மேசைக்கடியில்,
நான் பார்க்கவில்லை என்று நினைத்து,
இடது பூட்ஸை முன்னே வைத்துப் பார்த்தான்,
மூன்று எண்ணி,
கொஞ்சம் பொறுத்து.